"வெறி இல்லை" என்கிறார்கள்

என் அண்ணன் மகனைப் பற்றி எங்கள் சொந்தபந்தங்களுக்குள் ஒரு தீர்ப்பு எழுதி முடித்து வெகு நாட்களாகிவிட்டது. "கையில் திறமை இருந்தது, ஆனால் வெறி இல்லை." கோத்தகிரிப் பக்கம் அரவேனுவில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தபோது பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்துக்குக் கை குவித்துக்கொண்டே இதைச் சொன்னார். அவர் ஒரு கார் பந்தயத்தைக்கூட முழுதாகப் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் அவர் குரலில் இருந்த உறுதி என்னை வீடு வரைக்கும் விடவில்லை. இன்றும் விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பையன் சில ஆண்டுகள் கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒற்றை இருக்கைக் கார்களை ஓட்டினான். மாருதி எஞ்சினைப் பின்னால் வைத்துக் கட்டிய, கூரை இல்லாத கார்கள். சில முறை பரிசு மேடை ஏறினான். பிறகு ஒருநாள் "போதும்" என்று நிறுத்திக்கொண்டான். இப்போது கோவையில் ஒரு பட்டறையில் மற்றவர்களின் பந்தயக் கார்களைத் தயார் செய்கிறான். அண்ணன் கோத்தகிரிக்குப் பக்கத்தில் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிற சிறு விவசாயி. பச்சைத் தேயிலை விலை பறிக்கிற கூலிக்கே கட்டுபடியாகாத வருடங்களில்கூட மகனுக்கு டயர் வாங்கப் பணம் அனுப்பியவர். அவர் மனம் நொந்து பேசுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் அந்த "வெறி இல்லை" என்ற பேச்சைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பந்தய ஓட்டுநர் ஒருவரிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம் என்று யோசித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் அது கண்ணுக்குத் தெரிய வேண்டிய ஒன்றாக இருக்கிறது. ஜெயித்தால் கத்த வேண்டும், தோற்றால் கலங்க வேண்டும், மைக்கை நீட்டினால் "அடுத்த முறை விடமாட்டேன்" என்று சொல்ல வேண்டும். இதெல்லாம் செய்கிறவனுக்கு உள்ளே தீ இருக்கிறது என்று நம்புகிறோம். செய்யாதவனைச் சந்தேகிக்கிறோம்.

பேசாத மனிதர்

அண்ணன் மகன் எங்கள் வீட்டில் தங்கிப் படித்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவனோடு உட்கார்ந்து ஃபார்முலா ஒன் என்ற உலகக் கார் பந்தயத் தொடரைப் பார்க்கப் பழகினேன். அவனுக்குப் பிடித்தவர் பின்லாந்துக்காரர் கிமி ரைக்கோனன். முதலில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. கேள்வி கேட்டால் முணுமுணுப்பார், பரிசு மேடையில்கூடச் சிரிக்க மாட்டார். 2006இல் பிரேசிலில் மைக்கேல் ஷூமேக்கர் விடைபெற்றபோது கால்பந்து மேதை பெலே வந்து அவருக்குக் கோப்பை கொடுத்தார். அந்த நிகழ்ச்சியை ஏன் தவறவிட்டீர்கள் என்று நேரலையில் கேட்டதற்கு, கழிவறையில் இருந்தேன் என்று ரைக்கோனன் பதில் சொன்னார். இவருக்கு இந்த விளையாட்டின் மீது மரியாதையே இல்லையோ என்று எனக்குத் தோன்றியது. உலகம் முழுவதும் பலருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. 2007இல் ஃபெராரி அணிக்கு வந்த முதல் ஆண்டிலேயே, இரண்டு பந்தயங்கள் மிச்சமிருக்கும்போது 17 புள்ளிகள் பின்தங்கியிருந்தவர், 110 புள்ளிகளோடு சாம்பியன் ஆனார். எதிராளிகள் ஹாமில்டனும் அலோன்சோவும் ஆளுக்கு 109. அடுத்த ஆண்டே முடிவுகள் சரிந்ததும் பேச்சு தொடங்கிவிட்டது: சாம்பியன் பட்டம் கிடைத்துவிட்டது, இனி இவருக்கு ஆர்வம் இல்லை. ஒப்பந்தம் ஓராண்டு பாக்கி இருக்கும்போதே 2009 கடைசியில் அவரை அனுப்பிவிட்டு அலோன்சோவைக் கொண்டுவந்தார்கள்.

ஆர்வம் இல்லாதவர் என்ன செய்திருக்க வேண்டும்? சம்பாதித்த பணத்தோடு வீட்டில் இருந்திருக்கலாம். அவர் போனது உலக ராலி சாம்பியன்ஷிப்புக்கு. பனியிலும் சரளைக் கல்லிலும், பக்கத்தில் வழிகாட்டி படிக்கிற குறிப்பை நம்பி, அடிக்கடி தடம் புரண்டு, மீண்டும் மீண்டும் ஓட்டினார். 2010இல் துருக்கியில் கிடைத்த ஐந்தாம் இடம்தான் அவருடைய அதிகபட்சம். ஃபார்முலா ஒன்னில் உலகத்தையே ஜெயித்த ஒருவர் வேறொரு விளையாட்டில் ஐந்தாம் இடத்துக்காக இரண்டு ஆண்டுகள் கொடுத்திருக்கிறார். அதன் பிறகு 2012இல் லோட்டஸ் அணியோடு ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பினார். அபுதாபியில் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது அணியினர் காருக்குள் பேசும் வானொலியில் அறிவுரை சொல்ல, என்னைத் தனியாக விடுங்கள், என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியும் என்றார். ஜெயித்தும் காட்டினார். அந்த வாக்கியம் சட்டைகளில் அச்சாகி உலகம் சுற்றியது. தன்னை விட்டுவிடுங்கள் என்று கேட்ட மனிதரை அந்தப் பேச்சே மேலும் பிரபலமாக்கியது.

எனக்கு அவர் மீது மதிப்பு வந்தது அந்த வெற்றியைப் பார்த்து அல்ல. 2019 முதல் 2021 வரை ஆல்ஃபா ரோமியோ அணியில் அவர் ஓட்டிய மூன்று ஆண்டுகளைப் பார்த்துத்தான். அந்தக் காரில் ஜெயிக்கவே முடியாது, அது அவருக்கும் தெரியும். பத்தாம் இடம் கிடைத்தால் ஒரு புள்ளி. 2020 முழுக்க அவர் எடுத்தது நான்கே புள்ளிகள். நாற்பது வயதைத் தாண்டிய உலக சாம்பியன் பதின்மூன்றாம் இடத்துக்காகத் ஏறக்குறைய தன் வயதில் பாதியே ஆன பையன்களோடு சக்கரத்துக்குச் சக்கரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மொத்தம் 349 பந்தயங்களோடு ஓய்வு பெற்றபோது, ஃபார்முலா ஒன் தன் வாழ்க்கையின் முதன்மையான விஷயமாக ஒருபோதும் இருந்ததில்லை என்று சொன்னார். இந்த இரண்டும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும் என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் நமக்குத் தெரியவில்லை.

நேரத் தாள்

செட்டிபாளையத்தில் ஒரு பந்தய நாள் மதியம் நடந்தது எனக்கு மிக முக்கியமானது. மலையிலிருந்து இறங்கிப் போகிறவர்களுக்கு அந்த வெயில் தனியாகத் தெரியும். தார்ச்சாலையிலிருந்து எழும் அனலோடு பெட்ரோலும் ரப்பரும் கலந்த ஒரு நெடி. பையன் அன்று இரண்டாவதாக வந்தான். அண்ணன் கோப்பையைக் கையில் வாங்கி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். முதலிடம் எப்படி நழுவியது என்று ஒவ்வொருவரிடமும் விளக்கினார். பையனைக் காணவில்லை.

தேடிப் போனேன். கூடாரத்துக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களின் மேல், பந்தய உடையின் மேல்பாதியைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆன நேரத்தை அச்சடித்துக் கொடுப்பார்களே, அது. நகத்தில் கிரீஸ் அப்பிய விரலை ஒவ்வொரு வரியாகக் கீழே நகர்த்திக்கொண்டு வந்தான். எனக்கு எல்லா எண்களும் ஒன்றுபோலவே தெரிந்தன. நிமிடமும் நொடியும் மாறவில்லை, புள்ளிக்குப் பின்னால் இருப்பவை மட்டும் கொஞ்சம் கொஞ்சம் மாறின. நடுவில் ஒரு வரியில் விரல் நின்றது. அந்தச் சுற்றில் மட்டும் அரை நொடிக்கும் மேல் கூடுதலாக ஆகியிருந்தது.

"இதில் என்ன ஆயிற்று?" என்று கேட்டேன்.

"அப்பா கையை ஆட்டினார், அத்தை. தடத்துச் சுவரோரம் நின்று ஏதோ காட்டினார். இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டேன் என்று சொல்கிறாராக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு முதல் வளைவுக்குப் போனேன். பிரேக் மிதிக்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது."

குறை சொல்கிற தொனி அதில் துளியும் இல்லை. எஞ்சினில் ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தவனுடைய குரல். பிறகு என்னிடம் பால்பாயிண்ட் பேனா வாங்கி வேறொரு வரியைச் சுற்றி வட்டம் போட்டான். அவனுடைய மிக வேகமான சுற்று அது. அந்தச் சமயத்தில் முன்னால் போன கார் தூரத்தில் இருந்தது, பின்னால் வந்ததும் தூரத்தில் இருந்தது. "இதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எல்லோரும் முன்னால் நடந்த சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். மேடையில்கூட அவன் அப்படிச் சிரித்ததில்லை. தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். கோப்பை கடைசி வரை அண்ணன் கையில்தான் இருந்தது.

அவனுக்குப் போட்டி வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. திரும்பி வரும்போது அதையும் கேட்டேன். தனியாக ஓட்டினால் தனக்கு எது சாத்தியம் என்றே தெரியாது என்றான். முன்னால் போகிறவன் இன்னும் பத்தடி தள்ளி பிரேக் மிதித்துவிட்டு வளைவில் தப்பித்துப் போவதைப் பார்த்தால்தான், அந்தப் பத்தடி இருக்கிறது என்பதே புரியுமாம். எதிராளி அவனுக்குத் தோற்கடிக்க வேண்டிய ஆள் இல்லை, தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பவன். இதைவிடத் தீவிரமான போட்டி மனப்பான்மை வேறு என்ன இருக்க முடியும் என்று நான் யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஐர்ட்டன் சென்னா நினைவுக்கு வருகிறார். மூன்று முறை உலக சாம்பியன், போட்டியில் ஈவிரக்கம் காட்டாதவர் என்று பெயரெடுத்தவர். 1990இல் ஜப்பானில் முதல் வளைவிலேயே தன் பெரிய எதிராளி அலைன் புரோஸ்டின் காரோடு மோதி அந்த ஆண்டுப் பட்டத்தை முடித்துக்கொண்டவர். வெறி என்றால் இதுதான் வெறி. அவரிடம் 1993இல், யாரோடு போட்டியிட்டதில் உங்களுக்கு அதிக நிறைவு என்று கேட்டார்கள். அவர் புரோஸ்ட் பெயரைச் சொல்லவில்லை. டெர்ரி ஃபுல்லர்டன் என்றார். இளமையில் ஐரோப்பாவில் கோ-கார்ட் என்ற சிறு பந்தய வண்டி ஓட்டியபோது கூட ஓட்டிய ஆங்கிலேயர், ஃபார்முலா ஒன் பக்கமே வராதவர். அது கலப்பில்லாத ஓட்டம், அங்கே அரசியலும் இல்லை பணமும் இல்லை என்று காரணம் சொன்னார். கார்ட் உலகப் பட்டம் சென்னாவுக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை, இரண்டு முறை இரண்டாம் இடம்தான். உலகம் முழுவதும் தெரிந்த பிறகும் அவர் மனம் திரும்பிப் போனது, தான் ஜெயிக்காத, யாரும் அவ்வளவாகப் பார்க்காத அந்த நாட்களுக்குத்தான்.

பின்தொடர்பவர்கள் எத்தனை பேர்?

இங்கே ஒன்றை நேராகச் சொல்லியாக வேண்டும். ரைக்கோனனைப் போல இருப்பதற்கு ஒரு வசதி வேண்டும். 2001இல் அவரை சாபர் அணி எடுத்தபோது அதற்கு முன் அவர் ஓட்டியிருந்தது வெறும் 23 கார் பந்தயங்கள். முதல் பந்தயத்திலேயே ஆறாம் இடம் வந்து ஒரு புள்ளி எடுத்தார். அவ்வளவு சீக்கிரம் அவ்வளவு வேகம் காட்டியவர் பேசாவிட்டாலும் அணிகள் தேடி வரும். மலையிலிருந்து வருகிற தேயிலை விவசாயி மகனுக்கு அது கிடைக்காது. மோட்டார் பந்தயம் விளம்பரதாரர் பணத்தில் ஓடுகிற விளையாட்டு. டயர், எரிபொருள், நுழைவுக் கட்டணம், மெக்கானிக் கூலி, ஒரு முறை மோதினால் அதற்கான உதிரிப் பாகங்கள் எல்லாவற்றுக்கும் யாராவது பணம் கொடுக்க வேண்டும். கொடுக்கிறவர் ஓட்டுநரின் முகத்தைத்தான் வாங்குகிறார்.

பையன் நிறுத்துவதற்குச் சில வாரங்கள் முன்பு ஒரு நிறுவனத்தில் ஆதரவு கேட்கப் போயிருந்தான். சுற்று நேரங்களை எல்லாம் அழகாகத் தொகுத்து எடுத்துக்கொண்டு போனான். எதிரே இருந்தவர் அந்தத் தொகுப்பைத் திறக்கவே இல்லை. சமூக ஊடகத்தில் உங்களை எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று கேட்டாராம். வாரத்துக்கு எத்தனை காணொளி போடுவீர்கள் என்று கேட்டாராம். மலைப்பாதையில் வேகமாக ஓட்டி ஒரு காணொளி எடுத்தால் நன்றாகப் பரவும் என்று யோசனையும் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் "போதும்" என்றான். எனக்கு அவரைவிட அந்த யோசனை மீதுதான் கோபம். கோத்தகிரி சாலையில் வார இறுதிகளில் தலைக்கவசத்தில் கேமராவைப் பொருத்திக்கொண்டு வளைவில் படுத்து எழுகிற பையன்களைப் பார்க்கிறோம். ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் பிடிக்காமல் போன வண்டிகளின் கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அவன் மலைப்பாதையில் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். மேட்டுப்பாளையம் இறங்கும்போது இரண்டாவது கியரை விட்டு மாற்ற மாட்டான். ஏறுகிற வண்டிக்கு நூறு அடிக்கு முன்பே ஒதுங்கி நின்று வழி விடுவான். கேரட் மூட்டை ஏற்றிய லாரி முன்னால் போனால், அந்த ஓட்டுநர் கையைக் காட்டி முந்திக்கொள்ளச் சொன்னாலும், எதிர்ப்பக்கம் தன் கண்ணால் பார்க்காமல் முந்த மாட்டான். பின்னால் சுற்றுலாக்காரர்கள் ஹாரன் அடித்துத் தீர்ப்பார்கள். பந்தயத் தடத்தில் வேகமாக ஓட்டுகிறவனுக்குச் சாலையில் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை.

நரேன் கார்த்திகேயன் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர், கோவைக்காரர். 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். அவர் அமெரிக்காவில் நான்காம் இடம் வந்ததைச் சொன்னாலே, அன்றைக்கு ஓடியது ஆறு கார்கள்தானே என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மிஷலின் டயர் அந்தத் தடத்தின் சாய்ந்த வளைவைத் தாங்காது என்று பதினான்கு கார்கள் விலகிக்கொண்டது உண்மை. மிச்சமிருந்த ஆறில் தன் காரைத் தவறில்லாமல் கொண்டுவந்து நான்காவதாகச் சேர்த்தது அவர்தான். அந்த ஐந்து புள்ளிகளைத் தவிர வேறெந்த இந்தியரும் இன்றுவரை ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்ததில்லை. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் பிறகு செய்தது. ஃபார்முலா ஒன் முடிந்ததும் ஜப்பானுக்குப் போய் சூப்பர் ஃபார்முலா என்ற அங்கத்திய ஒற்றை இருக்கைக் கார் தொடரில் ஆண்டுக்கணக்காக ஓட்டினார். தமிழ்நாட்டில் எந்தத் தொலைக்காட்சியும் அதைப் பெரிதாகக் காட்டவில்லை. 2019இல், நாற்பது வயதைக் கடந்து, ஃபூஜி தடத்தில் ஜப்பானிய, ஜெர்மானியத் தொடர்களின் ஓட்டுநர்கள் சேர்ந்து ஓடிய பந்தயம் ஒன்றில் ஜெயித்தார். எங்கள் சொந்தபந்தங்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அஜித்குமாரைப் பற்றிச் சொல்லாமல் தமிழில் இந்தப் பேச்சு முடியாது. 2011இல் தன் ரசிகர் மன்றங்களைத் தானே கலைத்தவர். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கு முன் பயிற்சியில் பெரிய விபத்து நடந்தது. அதன் பிறகு தன் சொந்த அணியின் காரை ஓட்டுவதிலிருந்து விலகிக்கொண்டார், வேறொரு அணியின் காரில் மட்டும் ஓட்டினார். அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அங்கே கூடிய ரசிகர் கூட்டம் எல்லாம் அவரைப் பார்க்கத்தான் வந்தது என்பது அவருக்குத் தெரியாதா? அணிக்கு எது நல்லது என்று பார்த்திருக்கிறார். அவ்வளவு புகழுக்கு நடுவிலும் இந்த முடிவை எடுக்க முடிகிறது.

நிறுத்துவது

பையன் நிறுத்தியதைத்தான் பெரும்பாலோர் குற்றமாகப் பிடிக்கிறார்கள். ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நிகோ ராஸ்பெர்க் 2016 நவம்பர் 27 அன்று ஹாமில்டனை ஐந்தே புள்ளி வித்தியாசத்தில் தாண்டி உலக சாம்பியன் ஆனார். டிசம்பர் 2 அன்று ஓய்வை அறிவித்தார். என் மலையை ஏறிவிட்டேன், உச்சியில் நிற்கிறேன், இதுவே சரி என்பது அவர் சொன்ன காரணம். கோழை என்று அவரைச் சொன்னவர்களும் உண்டு. சிறு வயதிலிருந்து கூடவே வளர்ந்த ஒருவனை ஒரு முறையாவது ஜெயிக்க அவர் கொடுத்த விலை அவருக்குத்தான் தெரியும். மீண்டும் அந்த விலையைக் கொடுக்க மாட்டேன் என்று கணக்குப் பார்த்துச் சொன்னவரை எப்படிக் கோழை என்பது?

ஆனால் ராஸ்பெர்க் விஷயமும் பையன் விஷயமும் ஒன்றல்ல, இதை அண்ணனிடமும் சொல்லியிருக்கிறேன். ராஸ்பெர்க் உச்சியில் நின்று நிறுத்தினார். இவன் பாதி வழியில், இன்னும் வேகம் கூடிக்கொண்டிருந்தபோது நிறுத்தினான். அதில் இழப்பு இருக்கிறது. அந்தத் தாளில் வட்டம் போட்ட சுற்றைவிட வேகமான சுற்று ஒன்று அவன் கையில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன். அதைத் தேடிப் போகிற ஆசை போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். பட்டறையில் மற்றவர்களின் நேரத் தாள்களை அவன் படிக்கிற விதத்தைப் பார்த்தாலே தெரியும். வாடிக்கையாளர் ஒரு சுற்றில் ஏன் நேரம் இழந்தார் என்று இரவு பத்து மணிக்கு எனக்குத் தொலைபேசியில் விளக்குகிறவனுக்கு ஆசை செத்துவிட்டதா?

போன வாரம் அண்ணன் வந்திருந்தார். அடுத்த பருவத்தில் ஒரு பந்தயத்துக்குத் தன் காரைக் கட்டணமில்லாமல் தருவதாகப் பட்டறை முதலாளி சொல்லியிருக்கிறாராம். பையன் இன்னும் பதில் சொல்லவில்லை. "நீ சொன்னால் கேட்பான், ஒரு வார்த்தை பேசு" என்றார். பேச மாட்டேன் என்றேன். ஓட்டுவதா வேண்டாமா என்பதை அவன் யோசித்து முடிக்கட்டும். ஓட்டுவதாக இருந்தால் நானும் செட்டிபாளையம் வருகிறேன், ஆனால் நாம் இரண்டு பேரும் சுவரோரம் போகாமல் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்துகொள்ளலாம் அண்ணா, என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.